விண்ணப்பம் எழுதிய விஞ்ஞானி

அணுகுண்டைப் பற்றிப் பேசுவோர் ஐன்ஸ்டீனையும் ஓப்பன்ஹைமரையும் குறிப்பிடுவார்களேயன்றி லியோ ஸிலார்டின் பெயரைச் சொல்வது அரிது. அந்நாசக் கருவிக்கு வழியுண்டென்று முதலில் கண்டவர் அவர். அதைத் தடுக்க முன்னின்று போராடியவரும் அவரே. ஆதலின் அவர் சரித்திரத்தை நேயர்கள் அறிந்திருத்தல் அவசியமெனக் கருதுகிறோம்.

1898-ம் வருஷம் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் ஸிலார்டு ஜனித்தார். பெர்லினில் பௌதிக சாஸ்திரம் பயின்றார். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும், வரப்போவதை உணர்ந்து ரயிலேறிவிட்டார். மறுநாள் அதே ரயில் எல்லையில் நிறுத்தப்பட்டுப் பிரயாணிகள் விசாரணைக்குள்ளாயினர். பிறரைவிட ஒரு நாள் முந்திச் சிந்திப்பது அவர் சுபாவம்.

அவ்வருஷம் செப்டம்பரில், அணுவினின்று சக்தி பெறலாமென்பது வீண் கனவென்று ரூதர்போர்டு பேசியதை லண்டன் பத்திரிகையில் படித்தார். ஸதாம்ப்டன் ரோ வீதியைக் கடக்க நிற்கையில் மறுப்பு உதித்தது. ஒரு நியூட்ரானை ஏற்ற அணு இரண்டை வெளிவிடுமானால், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். கணப்பொழுதில் அளவிறந்த சக்தி பிறக்கும். இதற்கு 1934-ல் உரிமைப் பத்திரம் கோரியவர், பின்னர் அதைப் பிரிட்டிஷ் கடற்படை இலாகாவிடம் ஒப்படைத்து ரகசியமாக்கினார். கண்டதைப் பறைசாற்றும் உலகில் ஒளித்துவைத்தவர் இவர்!

1938 இறுதியில் ஜெர்மனியில் யுரேனிய அணு பிளக்கப்பட்ட செய்தி, அமெரிக்கா சேர்ந்திருந்த ஸிலார்டைக் கலக்கிற்று. ஹிட்லர் கைக்குக் குண்டு முந்திக் கிட்டினால்? 1939 ஆகஸ்டு 2 தேதியிட்டு ஐன்ஸ்டீன் ரூஸ்வெல்ட்டுக்கு அனுப்பிய கடிதம் இவர் முயற்சியால் எழுந்ததே. 1942 டிசம்பர் 2-ல், பெர்மியோடு இவரும் திட்டமிட்ட அணு உலை சிகாகோ சர்வகலாசாலையில் இயங்கிற்று.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. வேலையைத் தொடங்கச் செய்த பயம் நீங்கிற்று. வேலை மட்டும் நிற்கவில்லை. விரைவில் வெளிநாட்டு மந்திரியாகவிருந்த பர்ன்ஸிடம் சென்று முறையிட்டார், பயனில்லை. ஜூலை 17-ல் ஒரு விண்ணப்பம் எழுதினார். நிபந்தனைகளைப் பகிரங்கமாக அறிவித்தபின் ஜப்பான் சரணடைய மறுத்தாலன்றிக் குண்டைப் பிரயோகிப்பது நியாயமாகாதென்பது அதன் சாரம். 70 விஞ்ஞானிகள் கையொப்பமிட்டனர். அதிகாரிகள் கையில் தங்கிய அவ்விண்ணப்பம், குண்டு விழுமுன் ட்ரூமனை எட்டவேயில்லை. ஆகஸ்டு 6-ல் ஹிரோஷிமாவும் 9-ல் நாகசாகியும் எரிந்தன. அவ்வருஷ முடிவுக்குள் மாண்டோர் லட்சத்துக்கும் மிக அதிகம். இரண்டு லட்சமென்று கணக்கிடுவோரும் உண்டு.

கதவைத் திறந்துவிட்டவர் கள்ளன் புகுந்தபின் கூவுவதேன் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அதைப் பிறருக்கு முன்பே தம்மிடம் கேட்டுக்கொண்டவர் அவர்: தாமே யுத்தக் குற்றவாளியாக விசாரிக்கப்படுவதாக 1949-ல் ஒரு கதை எழுதி வெளியிட்டார். ஆராய்ச்சியில் பௌதிகத்தை விட்டு உயிர்நூலுக்குத் திரும்பினார். புற்றுநோய் கண்டபோது கதிரியக்கச் சிகிச்சையைத் தாமே வகுத்துக் குணமடைந்தார்.

1960-ல் நியூயார்க்கில் குருஷ்சேவைச் சந்தித்து, மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நேரடித் தொடர்பு வேண்டுமென வாதாடினார். 1963-ல் அத்தொடர்பு ஏற்பட்டது. 1964 மே 30-ல் கலிபோர்னியாவில் காலமானார். அன்று அணுகுண்டுடைய ராஜ்யங்கள் நான்கு. அவ்வருஷம் அக்டோபரில் சீனா ஐந்தாவதாயிற்று. இன்று நம் தேசம் உட்பட ஒன்பது. அவற்றின் வசமுள்ள குண்டுகள் சுமார் 12,000.