நாலே வருஷம் வாழ்ந்த ஊர்

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பார்த்தவங்களுக்கு ஷயர் கிராமம் மறந்திருக்காது. பச்சைப் புல்வெளி, ஓடை, மாவு மில்... அதுக்கு மூலமான ஊர் நிஜத்திலேயே இருந்தது. பேர், சேர்ஹோல். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துக்கு வெளியே இருந்த குட்டி கிராமம்.

கதையை எழுதிய டோல்கீன் 1892-ல், இன்றைய தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். அம்மா மேபல், தம்பி ஹிலாரியோடு இங்கிலாந்து வந்திருந்த நேரத்தில், அங்கேயே தங்கிவிட்ட அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். கையில் பெரிசா காசில்லாத மேபல், 1896-ல் பிள்ளைகளோடு சேர்ஹோலில் வாடகை வீட்டுக்குக் குடிபோனார்.

பசங்களுக்கு அது சொர்க்கம். மில்லில் எலும்பும் அரைப்பார்கள். அந்தத் தூளில் வெள்ளை வெளேர்னு நின்ற மில்காரர் மகனுக்கு 'வெள்ளைப் பூதம்'னு பட்டப்பேர். காளான் பறித்ததற்காக டோல்கீனைத் துரத்திய விவசாயி, 'கறுப்புப் பூதம்'. லத்தீன்ல ஆரம்பிச்சு செடிகொடிகள் வரை சொல்லிக்கொடுத்தது அம்மாதான். குளத்தோரம் அவர் ஏறிப் பழகிய வில்லோ மரத்தை ஒருநாள் வெட்டினாங்க. விறகுக்குக்கூட எடுக்காம அப்படியே போட்டுட்டாங்க. கடைசிவரை அதை அவர் மறக்கலை.

1900-ல் பள்ளிக்காக நகரத்துக்கு மாறினார்கள். 1904-ல், 34 வயதில், சர்க்கரை நோயில் மேபல் இறந்தார். இன்சுலின் கண்டுபிடிக்க இன்னும் 17 வருஷம் இருந்தது. டோல்கீனுக்கு அப்போ 12 வயசு. அம்மா கூட இருந்த அந்த நாலு வருஷத்தைத்தான் ஷயர்னு பேர் மாத்திப் பத்திரப்படுத்தினாரோ என்னவோ!

சேர்ஹோலை பர்மிங்ஹாம் விழுங்கிடுச்சு. மில் மட்டும் இப்போ மியூசியம். 1960-களில் அதைப் பழுதுபார்க்க நிதி திரட்டியபோது, டோல்கீனும் பணம் கொடுத்தார்.