செடிக்கு ஷாக் கொடுத்து பதில் வாங்கிய விஞ்ஞானி! யார் இந்த ஜெகதீஷ் சந்திர போஸ்?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஒருபுறம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள், இன்னொரு புறம் ரோஜா பசுமைக்குடில்கள். மின்சாரத்துக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்விக்காகவே வாழ்நாளில் பாதியைச் செலவழித்த இந்தியர் ஜெகதீஷ் சந்திர போஸ்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

1858 நவம்பர் 30-ம் தேதி, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் பகுதியில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். ஒரே வேலைதான், ஆனால் ஆங்கிலேயருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் சண்டை போடவில்லை. சம்பளத்தைத் தொடாமல் 3 வருஷம் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

ரேடியோவில் இருந்து செடிக்கு

1890-களில் மில்லிமீட்டர் அளவுள்ள ரேடியோ அலைகளை உருவாக்கி உலகின் கவனத்தை ஈர்த்தார். அலைகளைப் பிடிக்கும் கருவி தொடர்ந்து வேலை செய்தால் 'சோர்ந்து' போவதையும், ஓய்வு கொடுத்தால் தேறுவதையும் கவனித்தார். உலோகமே இப்படி என்றால் செடி எப்படி? அங்கேதான் பாதை மாறியது.

எலெக்ட்ரோடுதான் சிக்கல்

ஈரமான தண்டில் சாதாரணக் கம்பியைச் செருகினால், உலோகமும் செடியின் சாறும் வினைபுரிந்து தானாகவே மின்னழுத்தம் உண்டாகும். மீட்டர் முள் நகர்ந்தால் அது செடியின் பதிலா, கம்பியின் வேலையா? அதனால் துத்தநாகக் கம்பி, துத்தநாக சல்பேட் கரைசல், உப்புநீரில் குழைத்த களிமண் என்று பக்குவமாக எலெக்ட்ரோடு செய்தார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தண்டுக்கு ஷாக் கொடுத்தால், அந்த மின்சாரமே கசிந்து மீட்டருக்கு வந்துவிடலாம். எனவே தட்டியும் முறுக்கியும் தூண்டினார். செடியைச் சுடுநீரில் கொன்றுவிட்டு அதே சோதனையைச் செய்தார். பதில் வரவில்லை. அதாவது, முன்பு வந்தது உயிரின் பதில்!

லண்டனில் மோதல்

1901-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை விளக்கினார். மூத்த உடலியல் நிபுணர் பர்டன் சாண்டர்சன் ஏற்கவில்லை. பூச்சி பிடிக்கும் செடியில் மின் துடிப்பை 1873-லேயே பதிவு செய்தவர் அவர்தான். ஆனால் சாதாரணச் செடிகளிலும் அது இருக்கும் என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போஸ் பின்வாங்கவில்லை, கட்டுரை வெளிவராமல் நின்றது. 1902-ல் லின்னேயன் சொசைட்டி அவரது ஆய்வை ஏற்றது.

அடுத்து தொட்டாற்சிணுங்கிக்கு மின் துடிப்பு கொடுத்தார். இங்கே இலை மடங்குவதுதான் பதில் என்பதால், மின்கசிவு பற்றிய கவலை இல்லை. நொடியில் மிகச் சிறிய பகுதியையும் அளக்கும் கருவியை அவரே வடிவமைத்தார். தண்டைக் குளிர்வித்தால் தூண்டல் அந்த இடத்திலேயே நின்றுவிடுவதையும் காட்டினார்.

இன்று எப்படி?

எலெக்ட்ரோடு வழியே நேர்மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் உலோகம் அரிக்கும், திசு புண்ணாகும். அதனால்தான் பேஸ்மேக்கர் போன்ற கருவிகளில் எலெக்ட்ரோடுக்கு முன்னால் ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் வைக்கிறார்கள். அது துடிப்பை மட்டும் விடும், நேர்மின்சாரத்தைத் தடுக்கும். கருவி பழுதானாலும் மின்சாரம் தொடர்ந்து பாய வழியில்லை. போஸ் களிமண்ணும் உப்புநீரும் வைத்துச் சமாளித்ததும் இதே எலெக்ட்ரோடு தொல்லையைத்தான்.

எல்லாம் சரியா?

இல்லை. செடியில் நீர் மேலேறுவது பற்றி அவர் சொன்ன விளக்கத்தை அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் செடிக்குள் மின் சமிக்ஞை ஓடுகிறது என்பது இன்று பாடப்புத்தக உண்மை. 1917-ல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அவரது கட்டுரையை நிறுத்திவைத்த அதே ராயல் சொசைட்டி, 1920-ல் அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23-ல் காலமானார்.