வாத்தியார் லிண்டன் ஜான்சன்: ஏழை மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார்படுத்தும் ‘ட்ரியோ’ பிறந்த கதை

அமெரிக்காவில் ‘ட்ரியோ’, ‘கியர் அப்’ என்று இரண்டு நிதித் திட்டங்கள் இருக்கின்றன. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிக்குத் தயார்படுத்துவதுதான் இவற்றின் முக்கிய வேலை. 2026 நிதியாண்டு பட்ஜெட்டில் இரண்டையுமே நிறுத்திவிடலாம் என்று டிரம்ப் அரசு முன்மொழிந்தது. ஏழை மாணவர்களுக்குக் கல்லூரி முன்புபோல எட்டாக்கனி இல்லை என்பது அரசு சொன்ன காரணம்.

சரி, இந்தத் திட்டங்கள் எங்கிருந்து வந்தன? அதைத் தேடிப் போனால் 1928-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் போய் நிற்போம். அங்கே வாத்தியாராக இருந்தவருக்கு 20 வயசு. பேர் லிண்டன் ஜான்சன். பின்னாளில் அமெரிக்காவின் 36-வது அதிபர்.

அவருக்கே தேவைப்பட்ட ஆறு வாரம்

1908 ஆகஸ்ட் 27-ல் டெக்சாஸின் ஸ்டோன்வால் பக்கத்தில் பிறந்தார் ஜான்சன். அப்பா மாநில சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். ஆனால் விவசாயத்தில் போட்ட பணமெல்லாம் போய், குடும்பம் கடனில் விழுந்தது. ஊரில் பேர் இருந்தது, கையில் காசு இல்லை.

1924-ல் பள்ளிப் படிப்பை முடித்த ஜான்சன் உடனே கல்லூரிக்குப் போகவில்லை. கலிபோர்னியாவுக்குக் கிளம்பிட்டார். திரும்பி வந்து ரோடு போடும் வேலை பார்த்தார். மூணு வருஷம் இப்படியே ஓடியது. 1927-ல்தான் சான் மார்க்கோஸ் ஊரில் இருந்த ஆசிரியர் கல்லூரிக்குப் போனார்.

அங்கே ஒரு சிக்கல். அவர் படித்த பள்ளியின் படிப்பைக் கல்லூரி அப்படியே ஏற்கவில்லை. ஆறு வாரம் ஆயத்த வகுப்பில் உட்கார்ந்து, தேர்வில் பாஸானால்தான் அட்மிஷன். ஜியோமெட்ரி சுத்தமாகப் பிடிபடவில்லை. அம்மா ரெபேக்கா பட்டதாரி. அவரே வந்து, ராத்திரி கண் விழித்துச் சொல்லிக்கொடுத்தார். ஜான்சன் தட்டுத்தடுமாறி பாஸாகிவிட்டார்.

ஆயத்த வகுப்பும் இல்லாமல், வீட்டில் ஒரு பட்டதாரியும் இல்லாமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்விக்கான பதிலை அடுத்த வருஷமே நேரில் பார்த்தார் ஜான்சன்.

கொட்டூலாவில் ஒன்பது மாசம்

75 டாலர் கடன் வாங்கித்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தார். கூட்டிப் பெருக்கும் வேலையிலிருந்து அலுவலக எடுபிடி வரை எல்லாம் பார்த்தார். அப்படியும் கட்டுப்படியாகவில்லை. 1928-ல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, மெக்சிகோ எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத கொட்டூலா ஊரின் வெல்ஹவுசன் பள்ளிக்கு வேலைக்குப் போனார். மாசம் 125 டாலர் சம்பளம். 5, 6, 7-ம் வகுப்புகளுக்கு வாத்தியார். தலைமை ஆசிரியரும் அவரே.

படித்தவர்கள் மெக்சிகோ வம்சாவளிக் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள். பல பேர் காலையில் சாப்பிடாமலேயே வருவார்கள். முதல் சம்பளத்தில் விளையாட்டுச் சாமான்கள் வாங்கிப்போட்டார் ஜான்சன். பேச்சுப் போட்டி நடத்தினார், பக்கத்து ஊர்ப் பள்ளிகளோடு விளையாடப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார். இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளிக்குள் தாய்மொழியான ஸ்பானிஷ் பேசினால் அடி விழும். ஆங்கிலம் வந்தால்தான் பிழைக்க முடியும் என்று நம்பினார். நல்ல எண்ணம்தான், ஆனால் வழி தப்பு.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் 1929-ல் கல்லூரிக்குத் திரும்பினார், 1930-ல் பட்டம் வாங்கினார். வகுப்பில் விட்டுவந்த பிள்ளைகளுக்கு அப்படியொரு வழி இல்லை. இது அவர் மனசை விட்டுப் போகவே இல்லை. 1965-ல் வாக்குரிமைச் சட்டம் கேட்டு நாடாளுமன்றத்தில் பேசியபோதும் கொட்டூலா பிள்ளைகளைத்தான் நினைவுகூர்ந்தார்.

அதிபர் கையில் பேனா

1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் தேசிய இளைஞர் நிர்வாகத்துக்கு டெக்சாஸ் இயக்குநரானபோது ஜான்சனுக்கு 26 வயசு. பகுதிநேர வேலை கொடுத்து மாணவர்கள் படிப்பை விடாமல் பார்த்துக்கொள்வது அந்த அமைப்பின் பணிகளில் ஒன்று. 1937-ல் நாடாளுமன்றம், 1948-ல் வெறும் 87 ஓட்டு வித்தியாசத்தில் செனட் வேட்பாளர் தேர்தலில் வெற்றி, 1961-ல் துணை அதிபர். 1963 நவம்பரில் கென்னடி சுட்டுக்கொல்லப்பட, அதிபரானார்.

1964 ஜனவரியில் வறுமைக்கு எதிரான போரை அறிவித்தார். அந்த ஆண்டு வந்த பொருளாதார வாய்ப்புச் சட்டத்திலிருந்து பிறந்ததுதான் ‘அப்வர்ட் பவுண்ட்’. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வருஷம் முழுக்க டியூஷனும் வழிகாட்டலும் கிடைக்கும். கோடை விடுமுறையில் கல்லூரி வளாகத்திலேயே வகுப்பு, பெரும்பாலும் ஆறு வாரம். சான் மார்க்கோஸில் ஜான்சன் உட்கார்ந்ததும் அதே ஆறு வாரம்தான்.

1965 நவம்பர் 8-ல் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட, தான் படித்த சான் மார்க்கோஸ் கல்லூரிக்கே போனார். அந்தச் சட்டம் வழியாக வந்தது ‘டேலன்ட் சர்ச்’. 6-ம் வகுப்பு அளவிலிருந்தே மாணவர்களைக் கண்டுபிடித்து, எந்தப் பாடம் எடுக்கணும், உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிக்கணும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். 1968-ல் கல்லூரிக்குள் வந்துவிட்ட மாணவர்களுக்கான உதவித் திட்டமும் சேர்ந்தது. மூன்றும் சேர்ந்து ‘ட்ரியோ’. இன்று திட்டங்கள் எட்டாகிவிட்டன, பேர் மட்டும் மாறவில்லை.

பணம் நேராக மாணவர் கைக்குப் போகாது. கல்லூரிகளும் அமைப்புகளும் போட்டியிட்டு நிதி வாங்கி, இந்தப் பயிற்சியை நடத்தும். அப்வர்ட் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள் ஏழைகளாகவும், பெற்றோர் பட்டம் வாங்காத குடும்பத்தினராகவும் இருக்கணும். ஜியோமெட்ரி சொல்லித்தர ரெபேக்கா மாதிரி ஒரு அம்மா இல்லாத வீடுகளுக்கானது இந்த விதி.

ஏழாம் வகுப்பில் ஆரம்பம்

வியட்நாம் போர் ஜான்சனின் செல்வாக்கைக் கரைத்தது, வறுமை ஒழிப்புக்கான பணத்தையும் நெருக்கியது. 1968-ல் மீண்டும் போட்டியில்லை என்று அறிவித்தார். 1973 ஜனவரி 22-ல் மாரடைப்பால் இறந்தார்.

அவர் இறந்து 25 வருஷம் கழித்து, 1998-ல், கிளின்டன் ஆட்சியில் ‘கியர் அப்’ வந்தது. ட்ரியோ தனித்தனி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும். கியர் அப்போ, ஏழை மாணவர்கள் அதிகமுள்ள பள்ளிகளில் ஒரு வகுப்பையே மொத்தமாக எடுத்துக்கொண்டு, 7-ம் வகுப்புக்குள் ஆரம்பித்து பள்ளி முடியும் வரை கூடவே வரும்.

இவற்றால் பலன் உண்டா? அமெரிக்கக் கல்வித் துறைக்காக நடந்த நீண்டகால ஆய்வு ஒன்றில், அப்வர்ட் பவுண்டால் கல்லூரி சேர்க்கையில் மொத்தமாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பட்டம் வரை போவோம் என்றே நினைக்காத மாணவர்களிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆய்வு நடந்த விதம் பற்றி சர்ச்சையும் உண்டு. ட்ரியோவுக்கு ஆண்டுக்கு சுமார் 119 கோடி டாலர் செலவாகும்போது இப்படிக் கணக்குக் கேட்பது நியாயம்தான்.

ஆனால் அந்த ஆய்வில் அதிகம் பலன் பெற்றவர்கள் யார் என்பதையும் பார்க்கணும். கல்லூரி நமக்கில்லை என்று முன்பே முடிவு செய்துவிட்ட பிள்ளைகள். 1928-ல் கொட்டூலாவின் ஏழாம் வகுப்பில் ஜான்சன் முன்னால் உட்கார்ந்திருந்ததும் அவர்கள்தான்.