நாடகம் எழுதப் போனவர், உடலியல் பாடத்தை மாற்றிய கதை

கல்லூரி ஆய்வுக்கூடம். உடலியல் வகுப்பு.

குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் ஒரு மாணவர். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். சர்க்கரை அளவு ஏறுகிறது... பிறகு மெல்ல இறங்குகிறது.

பக்கத்தில் இருப்பவர் காலையிலிருந்து பட்டினி. அவர் ரத்தத்தைச் சோதித்தால்? அதிலும் சர்க்கரை இருக்கிறது!

எதுவுமே சாப்பிடலையே, அப்புறம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டவர் கிளாட் பெர்னார்ட். பிரெஞ்சு உடலியல் அறிஞர். உடலியலைப் படித்துத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, செய்துபார்த்தும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர்.

அதற்கு அவரும் அவருடைய குடும்பமும் கொடுத்த விலை பெரிது. அதைவிடப் பெரிய விலை கொடுத்தவை விலங்குகள்.

மருந்துக்கடையில் தொடக்கம்

1813ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி, பிரான்சின் சான் ஜூலியான் கிராமத்தில் பிறந்தார் பெர்னார்ட். திராட்சை பயிரிடும் குடும்பம். வசதி குறைவு.

இளம் வயதில் லியோன் நகருக்கு அருகே ஒரு மருந்துக்கடையில் வேலை பழகச் சேர்ந்தார். அங்கே நன்றாக விற்பனையான மருந்துகளில் ஒன்று தீரியாக். எல்லா நோய்க்கும் அது மருந்தாம்! ஆனால் கடையில் மிஞ்சியதும் கெட்டுப்போனதும் அந்தக் கலவைக்குள்தான் போயின. அதைப் பார்த்த பெர்னார்டுக்கு மருந்துமேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது.

அவர் மனம் நாடகத்தின் பக்கம் போனது. அவர் எழுதிய ஒரு சிறு நகைச்சுவை நாடகம் லியோனில் மேடையேறி, ஓரளவு பெயரும் வாங்கியது.

உற்சாகத்தில் ஒரு பெரிய சரித்திர நாடகத்தை எழுதி, 1834இல் பாரிசுக்குக் கிளம்பினார். அங்கே இலக்கியப் பேராசிரியர் சான் மார்க் ஜிரார்தான் அதைப் படித்துப் பார்த்தார். மருந்துக்கடை அனுபவம்தான் இருக்கிறதே, முதலில் மருத்துவம் படி, எழுதுவதை ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள் என்று ஆலோசனை சொன்னார்.

பெர்னார்டும் அதைக் கேட்டுக்கொண்டார்.

தேர்வில் சுமார், கையில் சூரர்

மருத்துவக் கல்லூரியில் அவர் நட்சத்திர மாணவர் இல்லை. மருத்துவமனைப் பயிற்சிக்கான தேர்வில் தேறிய 29 பேரில் அவருக்கு 26ஆவது இடம்.

ஆனால் அவர் கைகளைக் கவனித்த ஒருவர் இருந்தார். அவர் பேராசிரியர் மஜாந்தி, அன்றைய பிரான்சின் பெரிய உடலியல் ஆய்வாளர். பெர்னார்ட் அறுவைக் கத்தியைப் பிடிக்கும் நேர்த்தியைப் பார்த்து அவரைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

1843இல் மருத்துவப் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு, விரிவுரையாளர் ஆவதற்கான தேர்வில் பெர்னார்ட் தோற்றார்.

சரி, நாமே தனியாகச் சொல்லிக்கொடுப்போம் என்று நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஆய்வுக்கூடம் ஒன்றைத் திறந்தார். வந்த மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் கட்டிய பணம் சோதனைக்கு வாங்கிய முயல்களுக்கே பத்தவில்லை.

ஊருக்குத் திரும்பிக் கிராம மருத்துவராகிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

1845இல் திருமணம். மனைவி ஃபேனி, பாரிஸ் மருத்துவர் ஒருவரின் மகள். அவர் கொண்டுவந்த சீர்ப்பணம்தான் பெர்னார்டின் ஆய்வைக் காப்பாற்றியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை மறுபடியும் இங்கே வரும்.

முயல் கற்றுத்தந்த பாடம்

ஒருநாள் சந்தையிலிருந்து சில முயல்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. மேசைமேல் அவை சிறுநீர் கழித்தன. வேறு யாராக இருந்தாலும் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள்.

பெர்னார்ட் நின்று பார்த்தார். சிறுநீர் தெளிவாக இருந்தது, அமிலத்தன்மையும் இருந்தது. புல் தின்னும் முயலின் சிறுநீர் வழக்கமாகக் கலங்கலாக, காரத்தன்மையுடன் இருக்கும். இதுவோ இறைச்சி தின்னும் விலங்கின் சிறுநீர் மாதிரி இருக்கிறதே?

சந்தையில் அவற்றுக்குத் தீனி கிடைத்திருக்காது, பட்டினியில் தங்கள் தசையையே கரைத்து உயிர் வாழ்ந்திருக்கும் என்று ஊகித்தார்.

ஊகத்தோடு அவர் நிற்கவில்லை.

- புல் கொடுத்தார். சிறுநீர் கலங்கலானது.
- மீண்டும் பட்டினி போட்டார். தெளிவானது.
- குதிரையிடமும் செய்துபார்த்தார். அதே முடிவு.
- கடைசியாக முயல்களுக்கு வேகவைத்த மாட்டிறைச்சியைக் கொடுத்தார். சிறுநீர் தெளிவாகவே இருந்தது.

ஒன்றைக் கவனி, காரணத்தை ஊகி, ஊகம் தப்பா என்று நீயே சோதித்துப் பார். இன்று ஆய்வுக்கூட அறிக்கையில் நாம் எழுதும் கருதுகோள், கட்டுப்பாட்டுச் சோதனை, முடிவு எல்லாம் இந்த முயல் கதைக்குள் இருக்கின்றன.

கதை அதோடு முடியவில்லை. இறைச்சி தின்ற முயல்களை அறுத்துப் பார்த்தபோது, கணையநீர் குடலில் கலக்கும் இடத்துக்குப் பிறகுதான் கொழுப்பு உறிஞ்சப்படுவதைக் கண்டார். கொழுப்பைச் செரிக்கவைப்பதில் கணையத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது.

பட்டினியிலும் சர்க்கரை எப்படி?

சர்க்கரையைத் தாவரங்கள்தான் உருவாக்கும், விலங்குகள் அதைத் தின்று பயன்படுத்த மட்டுமே செய்யும் என்பது அன்றைய நம்பிக்கை.

பெர்னார்ட் ஒரு நாய்க்கு இறைச்சி மட்டும் கொடுத்தார். குடலில் சர்க்கரை இல்லை. கல்லீரலிலிருந்து வெளியேறும் ரத்தத்தில் மட்டும் நிறைய இருந்தது! அப்படியென்றால் கல்லீரலே சர்க்கரையை வெளியிடுகிறது.

எந்த அளவையும் இரண்டு முறை எடுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஒருநாள் நேரம் போதாமல், ஒரே கல்லீரலின் இரண்டாவது அளவை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். மறுநாள் பார்த்தால் சர்க்கரை கூடியிருந்தது.

ஏதோ தப்பு நடந்திருக்கும் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. வேறொரு கல்லீரலுக்குள் தண்ணீரைப் பாய்ச்சிச் சர்க்கரை முழுவதையும் கழுவி எடுத்துவிட்டுக் காத்திருந்தார். சில மணி நேரத்தில் மீண்டும் சர்க்கரை!

கல்லீரலுக்குள் ஏதோ ஒரு சேமிப்பு இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. 1857இல் அதைப் பிரித்தெடுத்தார். அதுதான் கிளைக்கோஜன். பட்டினியாக இருந்த மாணவரின் ரத்தத்தில் சர்க்கரை எப்படி வந்தது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

வெளியே என்ன நடந்தாலும், உடலுக்குள் உயிரணுக்களைச் சுற்றியுள்ள திரவத்தின் நிலை பெரிதாக மாறுவதில்லை. பெர்னார்ட் விட்டுச்சென்ற மிகப் பெரிய கருத்து இது. கொளுத்தும் வெயிலிலிருந்து குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதிக்குள் நுழைந்தாலும் நம் உடலின் உள்வெப்பம் அநேகமாக அப்படியே இருக்கிறது, இல்லையா? அமெரிக்க அறிஞர் வால்டர் கெனன் 20ஆம் நூற்றாண்டில் இதற்கு ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயர் வைத்தார்.

வீட்டுக்குள் வந்த சண்டை

இப்போது கதையின் கஷ்டமான பகுதி.

இந்தச் சோதனைகள் உயிருள்ள விலங்குகளிடம் செய்யப்பட்டவை. ஈத்தர் மயக்கமருந்து 1846இல்தான் அறுவைச் சிகிச்சைக்கு வந்தது. அதற்கு முன்னர் விலங்குகள் வலியோடுதான் அறுக்கப்பட்டன. மயக்கமருந்து வந்த பிறகும் எல்லாச் சோதனைகளிலும் அது பயன்படவில்லை.

ஒருமுறை, வயிற்றில் குழாய் பொருத்தப்பட்ட நாய் ஒன்று ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பி ஓடியது. சில நாளில் காவல்துறையிடமிருந்து பெர்னார்டுக்கு அழைப்பு. அந்த நாய் யாருடையது தெரியுமா? வட்டாரக் காவல் அதிகாரியுடையது! பெர்னார்ட் நடந்ததை விளக்கி மன்னிப்புக் கேட்டார். அதிகாரி கோபப்படவில்லை. பிறகு அவரே பெர்னார்டுக்குப் பாதுகாப்பாகவும் இருந்தார்.

வீட்டில் இருந்தவர்களிடம் அந்த விளக்கம் செல்லவில்லை. ஃபேனியும் மகள்களும் விலங்குகளை அறுப்பதைக் கடுமையாக எதிர்த்தனர். தான் வெறுத்த வேலைக்குத் தன் சீர்ப்பணமே கைகொடுத்தது என்பது ஃபேனிக்கு எப்படி இருந்திருக்கும்? 1870 வாக்கில் இருவரும் பிரிந்தனர்.

விலங்குகளின் வலியைவிட நோயுற்ற மனிதர்களுக்குக் கிடைக்கும் பயன் பெரியது என்பது பெர்னார்டின் நிலைப்பாடு. அதிலிருந்து அவர் கடைசிவரை மாறவில்லை.

கல்லூரிக்குள் வந்த ஆய்வுக்கூடம்

பாரிசில் பெர்னார்டிடம் பயின்றவர்களில் ஒருவர் பர்டன் சாண்டர்சன். பிரிட்டனில் மாணவர்களே கையால் செய்துபார்க்கும் உடலியல் வகுப்பு வேரூன்றியதில் அவருக்கும் மைக்கல் ஃபாஸ்டருக்கும் பெரும்பங்கு உண்டு.

1873இல் சாண்டர்சன், ஃபாஸ்டர் உள்ளிட்ட நால்வர் உடலியல் ஆய்வுக்கூடக் கையேடு ஒன்றை வெளியிட்டனர். அது தொடக்கநிலை மாணவர்களுக்கானது. ஆனால் மயக்கமருந்தைப் பற்றி அதில் போதுமான அளவு சொல்லவில்லை என்று பெரும் எதிர்ப்புக் கிளம்பியது.

1876இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. உயிருள்ள விலங்குகளிடம் சோதனை செய்ய உரிமம் தேவைப்பட்டது. வெறும் கைப்பழக்கத்துக்காக அவற்றிடம் வலி தரும் சோதனை செய்வது தடைசெய்யப்பட்டது.

ஈராண்டு கழித்து, 1878ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி, பெர்னார்ட் பாரிசில் காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. பிரான்சில் அறிவியலாளர் ஒருவருக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

இன்று நமக்கு?

இன்று பல கல்லூரிகளில் மாணவர்கள் தங்கள் உடலையே சோதித்துக் கற்கின்றனர். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சின் அளவு, இதய மின்னலை... விலங்குகள் தேவைப்படும் இடத்தில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்.

எதிர்பாராத முடிவு வந்தால் அதைத் தூக்கிப் போடாமல் ஏன் என்று கேட்பது பெர்னார்டிடமிருந்து வந்த பாடம். சோதனைக்கு உள்ளாகும் உயிருக்கும் வலிக்கும் என்பதை மறக்காமல் இருப்பது ஃபேனியைப் போன்றவர்கள் விடாமல் வற்புறுத்திய பாடம்.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் உங்கள் எண்கள் பாடநூலோடு ஒத்துப்போகவில்லையா? உடனே அழித்து எழுதிவிடாதீர்கள். ஒருமுறை நின்று பாருங்கள், அன்று அந்த மேசையருகே பெர்னார்ட் நின்று பார்த்ததைப்போல!