ஓவியர் இரவிவர்மர்

திருவரங்கக் கோயிலின் பழைய சுவரோவியங்கள் விரைவில் உலரும் நீர்வண்ணங்களால் ஆனவை. எண்ணெய் வண்ணமோ நெடுநேரம் ஈரமாயிருக்கும். அவ்வீரம் புலராமுன் வண்ணங்களை ஒன்றோடொன்று இழைத்தால், ஒளியும் நிழலும் இசைந்து உருவம் உயிர்பெறும். இக்கலையால் பெரும்புகழ் எய்தியவர் இரவிவர்மர்.

இவர் 1848ஆம் ஆண்டு கிளிமானூரிற் பிறந்தார்; இளமையிலேயே திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்தார். அங்கிருந்த ஓவியர் இராமசாமி நாயக்கர் இக்கலையைக் கற்பிக்க மறுத்தார். அவர் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சில நுட்பங்களை உணர்த்தினார். 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும், தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். இரவிவர்மர் கண்டதை உள்ளத்திற் பதித்துத் தாமே தீட்டிப் பயின்றார். 1873இல் வியன்னாக் கண்காட்சியில் அவர் ஓவியம் பரிசு பெற்றது. 1906இல் அவர் மறைந்தார்.

கற்பிப்பார் அரியராயினும், கற்கும் வேட்கை தளராதாரைக் கலை கைவிடாது.