சொற்களின் காவலர் ஜேம்ஸ் மரே

வழக்கிழந்த சொல்லைப் பயனற்றதென்று தள்ளுவது உலக இயல்பு. அங்ஙனம் தள்ளாது, அதன் பிறப்பையும் வாழ்வையும் மறைவையும் எழுதிவைத்த பெருமகனார் ஜேம்ஸ் மரே அவர்களின் வரலாற்றை அன்பர்களுக்குச் சுருங்கக் கூற விழைகிறோம்.

இவர் 1837இல் ஸ்காட்லாந்தின் டென்ஹோம் என்னும் சிற்றூரில் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 14ஆம் வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. எனினும் தம் முயற்சியால் பல மொழிகளைக் கற்று ஆசிரியரானார். மனைவியார் நோயுறவே, அவர் நலங்கருதி லண்டன் மாநகர் சென்று, இந்தியாவின் பெயர் தாங்கிய சார்ட்டர்டு வங்கியில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அவ்வம்மையார் பிழைத்திலர். நம்மிற் பலரைப் போலவே பேரேட்டுடன் பகலைக் கழித்த அவர், ஓய்வு வேளைகளை மொழியாராய்ச்சிக்கு ஈந்தார். பின்னர் மறுமணம் புரிந்து, மில் ஹில் பள்ளியில் மீண்டும் ஆசிரியரானார்.

1879இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தார் பேரகராதிப் பணியை அவரிடம் ஒப்புவித்தனர். பத்தாண்டுகளில் முடியுமென மதிப்பிட்டனர். 1884இல் வெளிவந்த முதற்பகுதியோ முதலெழுத்தையே கடக்கவில்லை! இரும்புத் தகட்டுக் கொட்டகையில் அமர்ந்து, பல நாட்டுத் தொண்டர்கள் அனுப்பிய இலட்சக்கணக்கான சொற்சீட்டுகளை அவர் ஆராய்ந்தார். அவருடைய பதினொரு மக்களும் சிறு கைக்காசு பெற்றுச் சீட்டுகளை அடுக்கி உதவினர். கடிதங்களின் மிகுதியால் வீட்டின் முன்னரே தபால் பெட்டி நிறுவப்பட்டது.

1150ஆம் ஆண்டுக்குப் பின் வழங்கிய சொல் எதுவாயினும், இறந்துபட்டதேனும், அகராதியில் இடம்பெறல் வேண்டும் என்பது விதி. வழக்கிழந்தவற்றின் முன் குத்துவாள் போன்ற குறியிட்டனர். அவ்வினைச்சொற்களில் ஒரு குடும்பத்தைக் காண்போம். 'இயலும்' என்று இன்று பொருள்படும் 'கேன்' என்னும் சொல் முன்னாளில் 'அறிதல்' என்னும் பொருளுடையது. 'கான்' என்பது மனப்பாடமாகக் கற்றல். 'கென்' என்பது முதலில் அறிவித்தலையும், பின்னர் அறிதலையும் குறித்தது. இங்கிலாந்தில் அருகிய இக்கடைசிச் சொல், மரே பிறந்த ஸ்காட்லாந்திலோ இன்றும் வீட்டுப்பேச்சில் வாழ்கிறது. அறிந்தவனுக்கே இயலும் என்னும் உண்மையை இவ்வுறவு புலப்படுத்துகின்றதன்றோ?

1908இல் அரசினர் அவருக்குச் 'சர்' பட்டம் அளித்தனர். அகராதியில் ஏறத்தாழப் பாதியைத் தாமே தொகுத்த அப்பெரியார், அது முற்றுப்பெறுமுன், 1915 ஜூலை 26ஆம் நாள் மறைந்தார். 1928இல் நிறைவெய்திய அந்நூலில் 4,14,825 சொற்கள் இடம்பெற்றன.

தம் வாழ்நாளில் முடியாதென்று அறிந்தும் செய்யப்படும் பணியே பெரும்பணி. ஊரில் மட்டும் வழங்கும் பாட்டிமார் சொற்களைக் காலனியில் வளரும் நம் சிறார் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பாராயின், அதுவும் அவ்வழி நிற்பதேயாம்.