மாமாவின் பிக்கப்பும் பாஸ்கலும்

எஸ்பிஎம் இயற்பியலுக்காக நான் மனப்பாடம் செய்த விதிகளில் பாஸ்கல் விதியும் ஒன்று. மூடிய கலனில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். தேர்வில் எழுதினேன், புள்ளிகளும் கிடைத்தன. ஆனால், பாஸ்கல் என்பவர் யார், அந்த விதி எதற்குப் பயன்படுகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்க வைத்தது என் மாமாவின் பழைய பிக்கப். செம்பனைக் குலை ஏற்றும் வண்டி அது. ஒரு மாலை, இறக்கத்தில் வரும்போது பிரேக் மிதி தரையைத் தொட்டுவிட்டது. மீண்டும் மீண்டும் மிதித்தும் பிடி இல்லை. மாமா பதறாமல் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, வண்டியைச் சாலையோரப் புல்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வெகுநேரம் கால் நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் மாமாவோடு நானும் வேலையில் இறங்கினேன். பின் சக்கரத்தின் ட்ரம்மைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. பிரேக் ஷூக்களை இரண்டு பக்கமும் தள்ளும் வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்துக் கசிந்திருந்தது. ஷூக்கள் பிரேக் எண்ணெயில் ஊறிப் போயிருந்தன. ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றுவதே முறை என்று சொல்லி, இரண்டு சிலிண்டர்களும் புதிய ஷூக்களும் வாங்கி வந்தார் மாமா. பழைய ஷூக்களின் தூசியில் கல்நார் இருக்கலாம் என்பதால், அதை ஊதாமல் நனைத்துத் துடைக்கச் சொன்னார். எந்த ஸ்பிரிங் எங்கே என்பது மறந்துவிடாமல் இருக்க நான் முதலிலேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

எல்லாம் பூட்டி முடித்தும் மிதி பஞ்சுபோல் அமுங்கியது. குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. அதை வெளியேற்றுவதற்குள் இருட்டிவிட்டதால், மீதி வேலையைக் காலையில் பார்க்கலாம் என்றார் மாமா. அன்றிரவுதான் பாஸ்கலின் கதையைத் தேடிப் படித்தேன்.

பிளேஸ் பாஸ்கல் 1623 ஜூன் 19-இல் பிரான்சின் கிளெர்மோன் நகரில் பிறந்தவர். மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தை எத்தியென் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தார். மகன் முதலில் மொழிகளைக் கற்கட்டும் என்று கணித நூல்களை மட்டும் ஒளித்து வைத்தார். ஆனாலும், பன்னிரண்டு வயதில் அந்தச் சிறுவன் தானே படம் வரைந்து பார்த்து, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்று கண்டுகொண்டானாம். இதை எழுதி வைத்தவர் அவருடைய அக்காள் கில்பெர்த்.

பின்னர் தந்தைக்கு ரூவான் நகரில் வரிக் கணக்கு பார்க்கும் பதவி கிடைத்தது. இரவு பகலாகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த தந்தைக்கு உதவ, 1642-இல் பாஸ்கல் பற்சக்கரங்களால் இயங்கும் கணக்கு இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. முதல் முயற்சியோடு அவர் நிற்கவில்லை. ஏறக்குறைய ஐம்பது மாதிரிகளைச் செய்து பார்த்த பிறகே அவருக்குத் திருப்தி வந்தது.

காற்றுக்கு எடை உண்டா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. வாதத்தால் இது தீராது, அளந்து பார்க்க வேண்டும் என்று பாஸ்கல் நினைத்தார். நோயாளியான அவரால் மலை ஏற முடியாது. அதனால் தம் அக்காள் கணவர் பெரியேரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். 1648 செப்டம்பர் 19-இல் பெரியேர் பாதரசக் குழாயோடு புய் தெ டோம் மலை மீது ஏறினார். அடிவாரத்தில் இன்னொரு குழாயை ஒருவர் நாள் முழுவதும் கவனித்தபடி இருந்தார். கீழே பாதரசம் அசையவில்லை. உச்சியிலோ எட்டு சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. பெரியேர் ஒருமுறை அளந்ததோடு விடாமல், உச்சியிலேயே இடம் மாற்றி மாற்றி அளந்து பார்த்தார்.

அடுத்து பாஸ்கல் திரவங்களை ஆராய்ந்தார். நீர் நிறைந்த கலனில் இரண்டு வாய்கள். ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரியது. சிறிய வாயில் ஒருவர் தள்ளினால், பெரிய வாயில் நூறு பேரின் பலத்தைத் தாங்கி நிறுத்த முடியும் என்று அவர் விளக்கினார். ஆனால் அந்த நூல் அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை. 1662 ஆகஸ்ட் 19-இல், 39-ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. நூல் வெளிவந்தது 1663-இல். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புகூட, பாரிசில் குறித்த தடத்தில், குறைந்த கட்டணத்தில் ஓடும் பொதுக் குதிரை வண்டிச் சேவையைத் தொடங்கி வைத்தவர்களில் அவரும் ஒருவர். இன்றைய பேருந்துச் சேவைக்கு அதுவே முன்னோடி.

அந்த விதி காரின் சக்கரத்துக்கு வந்து சேர மேலும் இரண்டரை நூற்றாண்டு ஆனது. 1921-இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்கோடு வெளிவந்தது.

காலையில் நான் மிதியை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மாமா சக்கரத்தின் பின்னால் படுத்துத் திருகைத் தளர்த்தினார். எண்ணெயோடு குமிழிகள் வெளிவந்தன. அவர் திருகை இறுக்கும் முன் நான் காலை எடுத்தால் காற்று மறுபடியும் உள்ளே போய்விடும். காற்று அமுங்கும், பிரேக் எண்ணெய் அப்படி அமுங்காது. குழாயில் காற்று இருந்தால், நாம் மிதிப்பது அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும். நான் மனப்பாடம் செய்த வரி என் பாதத்தின் கீழ் இருந்தது.

இரண்டு சக்கரம் முடிந்ததும் போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது. மலை உச்சியில் இடம் மாற்றி மாற்றி அளந்த பெரியேர் நினைவுக்கு வந்தார். நான்கு சக்கரங்களையும் முடித்து, எண்ணெய்க் கலனை நிரப்பி, மறுபடியும் ஒரு சுற்றுப் பார்த்தோம். கடைசியில் மிதி கல்போல் நின்றது. வெற்று நிலத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே மாமா சாலையில் இறங்கினார். அன்று மாலை அதே இறக்கத்தில் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

மாணவ நண்பர்களே, அனுபவமுள்ளவர் உடன் இல்லாமல் பிரேக்கில் கை வைக்காதீர்கள். ஆனால், பாடநூலில் ஒரு பெயரைப் படிக்கும்போது அவர் யார் என்று கேட்கத் தயங்காதீர்கள். பெட்ரோல் நிலையத்தில் டயருக்குக் காற்று அடிக்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் வரும் கிலோபாஸ்கல் என்ற அளவிலும் அவர் பெயர்தான் இருக்கிறது.